பாண்டிமீனா சொன்ன வினைச்சொல்

அநியாயம் செய்யப்பட்டவள் பெயர் பாண்டிமீனா. நூல்மில்லில் வேலை, மில் விடுதியிலேயே வாசம். அந்த மில்லில் நூல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஹெல்கா என்ற பெண் விசாரிக்க வந்தபோது, பாண்டிமீனா பயத்தை விழுங்கிக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். நடுவில் உட்கார்ந்து அதை ஆங்கிலத்தில் சொன்ன ஆதிமூலம், அவள் சொல்லாததைச் சொன்னார்.

"எங்களை அடக்கி வெச்சிருக்காங்க" என்றாள் அவள்.

'எங்களை நன்றாக மேனேஜ் செய்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னார் ஆதிமூலம்.

"வீட்டுக்குப் போன் பேசுனா வார்டன் பக்கத்துல நின்னு ஒட்டுக் கேக்குது."

'குடும்பத்தோடு பேச வார்டன் கூடவே இருந்து உதவுகிறார்.'

"ஒண்ணுக்குப் போகக்கூட டோக்கன் வாங்கணும்."

'எல்லாவற்றுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது.'

ஹெல்கா திருப்தியோடு விமானம் ஏறினாள். மில்லுக்கு நற்சான்று கிடைத்தது. பாண்டிமீனாவுக்கு வார்டனின் பாராட்டு கிடைத்தது.

"பரவாயில்லையேடி! நல்லா மேனேஜ் பண்றாங்கன்னு வெள்ளக்காரிக்கிட்டச் சொன்னியாமே. நான்கூட உன்னையத் தப்பா நெனச்சுட்டேன்."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று பாண்டிமீனா கத்தினாள். கத்தியதற்காக அவளுடைய பெட்டி கேட்டுக்கு வெளியே வந்தது. பெட்டிக்குப் பின்னால் அவளும் வந்தாள்.

தொழிற்சங்கத்துக்காரர்கள் விடவில்லை. ஹெல்காவை விரட்டிப் பிடித்து, பாண்டிமீனா சொல்வதை இன்னொரு முறை வீடியோவில் கேட்கச் சம்மதிக்க வைத்தார்கள். ஒரே ஒரு முறை. அதுவும் கெட்டுப்போனால் அவளுக்கு வேலை இல்லை. விடுதிக்குள் இருக்கும் மற்றப் பெண்களைப் பற்றி இனி யாரும் கேட்கப்போவதும் இல்லை.

வீடியோவுக்குக் குறித்த நாளன்று காலையில் பாண்டிமீனா, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மாடிக்குப் படியேறி வந்தாள்.

அது ஆசான் தாட்சாயணியின் வகுப்பு. கோர்ட்டிலும் விசாரணைகளிலும் இரு மொழிக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து வாயால் மொழிபெயர்ப்பவர்களை அங்கே பழக்கினார்கள். சங்கத்துக்காரர்கள் நடந்ததைச் சொல்லி, சாயங்கால வீடியோவுக்கு மொழிபெயர்க்க அங்கேதான் ஆள் கேட்டிருந்தார்கள். ஆசானுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆதிமூலம் அவரிடம் படிக்கிற மாணவர். அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் 'ஆசான்' என்றால் அவர் மட்டும் 'மேடம்' என்பார். தன்னைவிடச் சின்னவளை ஆசான் என்று கூப்பிட அவருக்கு நாக்கு வரவில்லை.

அந்த வகுப்பின் முதல் பாடம் இது: பேசுகிறவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. கொலை செய்தவனுக்காகப் பேசினாலும் 'நான்தான் குத்தினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். கூச்சப்படுகிறவர்கள் இரண்டாம் நாளே நின்றுவிடுவார்கள்.

பாண்டிமீனா வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஆதிமூலத்தின் முகத்தில் நிறுத்தினாள்.

"சார், நான் அன்னைக்கு உங்க பக்கத்துல உக்காந்து அழுதேன்ல? அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொன்னீங்க?"

"அழுகையை எல்லாம் மொழிபெயர்க்கறதில்லம்மா."

"பேசுனதையும்தான நீங்க மொழிபெயர்க்கல."

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். ஆதிமூலத்தின் காது சிவந்தது.

"உக்காருங்க" என்று ஆசான் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"உக்கார வரலைங்க. என் பேச்சை இவர் என்ன பண்ணாருன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்."

சகாயமேரி எழுந்தாள். கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படிப்பவள். சண்டை என்றால் சாப்பாட்டை மறப்பவள். "நானும் கேக்கறேன் சார். அடக்கி வெச்சிருக்காங்கன்னா மேனேஜா? எந்த ஊர்ல?"

"'அடக்கி'ங்கறது கொச்சையாப் பேசறது" என்றார் ஆதிமூலம். "நிர்வாகத்துல அதுக்குப் பேரு மேனேஜ்மென்ட். நான் ஆயுசு பூரா கவர்மென்ட்ல டிராஃப்ட் போட்டவன். எந்த வார்த்தை எங்க ஏறணும்னு எனக்குத் தெரியும்."

"டிராஃப்ட் போட உங்களை யார் கூப்பிட்டா? அவங்க வாயா இருக்கத்தான கூப்பிட்டாங்க."

"வெளிநாட்டுக்காரி முன்னாடி நம்ம ஊரைச் சந்தி சிரிக்க விடச் சொல்றியா?"

"டோக்கன் குடுத்தவங்க ஊரைச் சிரிக்க விடல. டோக்கன் வாங்குனவங்க சொன்னா ஊர் சிரிச்சிடும். அப்படித்தான?"

ஆதிமூலம் குரலைத் தணித்தார். "இதோ பாரும்மா, இந்தப் பொண்ணோட நல்லதுக்குத்தான் செஞ்சேன். உள்ளது உள்ளபடி காட்டமாச் சொல்லியிருந்தா அன்னிக்கே இதை வெளிய தள்ளியிருப்பான்."

"இப்ப மட்டும் நான் உள்ளயா இருக்கேன்?" என்றாள் பாண்டிமீனா.

சகாயமேரி விடவில்லை.

"காப்பாத்தச் சொல்லி இவங்க உங்களைக் கேட்டாங்களா சார்? கேக்கல. மில்லுலருந்து கார் வந்துச்சுன்னு நீங்கதான சொன்னீங்க. மேனேஜர் ரூம்ல டிபன். அதுக்கப்புறம் 'அடக்கறாங்க'ன்னு எப்படி வாய் வரும்?"

"நாலு இட்லிக்கு நாக்கை விக்கறவன் இல்ல நான்!"

"விக்கல சார். சும்மாவே குடுத்துட்டீங்க."

ஆதிமூலம் ஆசான் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களே கேட்டுக்கிட்டு இருக்கீங்க. நான் காசு வாங்கல, பொய் சொல்லணும்னு நெனைக்கல. ஒரு வார்த்தை தேடினேன், கிடைச்சதைப் போட்டேன். தப்புன்னா சரியானது எதுன்னு சொல்லுங்க. கன்ட்ரோலா? டாமினேட்டா? சாயங்காலம் யார் போய் உக்காந்தாலும் அதையே சொல்லிட்டுப் போகட்டும்."

"சப்ஜுகேட்" என்றாள் சகாயமேரி.

"அது ராஜாக்கள் நாடு பிடிக்கறதுக்குச் சொல்றது. படை வேணும், யுத்தம் வேணும். ஒரு ஹாஸ்டல் வார்டனுக்கு அவ்வளவு பெரிய வார்த்தையா?"

"நாட்டைப் பிடிச்சா பெரிசு. பொண்ணைப் பிடிச்சா சின்னது. அகராதியை எழுதினது உங்க ஆபீஸ்ல இருந்தவர் போல."

"மேடம், இந்தப் பொண்ணை அடக்கி வைங்க!"

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். வகுப்பு வெடித்துச் சிரித்தது. பாண்டிமீனா சிரிக்கவில்லை. ஆசானும் சிரிக்கவில்லை.

"அர்த்தம்தான வேணும்?" என்றார் ஆசான். "மூணு நாற்காலி போடுங்க."

அது வகுப்பில் தினமும் நடக்கிற பயிற்சி. ஒரு நாற்காலியில் விசாரிப்பவர், எதிர் நாற்காலியில் சாட்சி, நடுவில் மொழிபெயர்ப்பவர். ஆதிமூலம் வழக்கம்போல நடு நாற்காலிக்குப் போனார்.

"அது சகாயத்துக்கு. நீங்க சாட்சி" என்றார் ஆசான். "இந்த நிமிஷத்திலேருந்து உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியாது. எழுந்திரிக்கறதா இருந்தா என்னைக் கேட்டுட்டு எழுந்திரிங்க." பிறகு சகாயமேரியைப் பார்த்தார். "நீ சார் அன்னிக்கு எப்படிச் செஞ்சாரோ அப்படியே செய். காட்டம் வேணாம். ஊர் மானம் முக்கியம்."

சகாயமேரிக்கு விளங்கியது. உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

'இங்கே உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று ஆசான் ஆங்கிலத்தில் கேட்டார். சகாயமேரி அதைத் தமிழில் சொன்னாள்.

ஆதிமூலம் தோளைக் குலுக்கினார். "என்னத்தைச் சொல்ல? என் வயசுக்கு இத்தனை பேர் முன்னாடி இப்படி உக்கார வெச்சது அவமானமா இருக்கு."

சகாயமேரி ஆங்கிலத்தில் சொன்னாள்: 'என் வயதை மதித்து எனக்கு இருக்கை தந்திருக்கிறார்கள்.'

"ஏய்! நான் எங்க அப்படிச் சொன்னேன்?"

'எனக்குக் கொஞ்சம் சத்தமாகப் பேசும் பழக்கம் உண்டு.'

ஆதிமூலம் பொறுக்க மாட்டாமல் ஆங்கிலத்திலேயே ஆசானிடம் மறுக்கத் தொடங்கினார். ஆசான் ஒன்றும் கேட்காதவர்போலச் சகாயமேரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது: "சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது சார்."

'ஏதாவது குறை உண்டா?' என்றார் ஆசான்.

"குறையா? இது அராஜகம். என்னைய வெச்சு வேடிக்கை காட்டறீங்க. நான் சொல்றது ஒண்ணு, அவ சொல்றது ஒண்ணு. நிறுத்துங்க இதை!"

'கண்டிப்பு இருக்கிறது. ஆனால் எங்கள் நன்மைக்குத்தான்.'

'மிக்க மகிழ்ச்சி' என்றார் ஆசான்.

ஆதிமூலம் எழுந்தார். ஆசான் கையை உயர்த்தினார். அனுமதி கேட்காமல் எழுந்தது ஆதிமூலத்துக்கு நினைவு வந்தது. எதற்கென்று தெரியாமலே திரும்ப உட்கார்ந்தார். தொண்டை காய்ந்திருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார்.

'காற்றோட்டமான அறை. வசதியாக இருக்கிறது.'

"தண்ணி கேட்டேன்!"

'எல்லா வசதியும் இருக்கிறது.'

யாரும் தண்ணீர் கொண்டுவரவில்லை. அதன்பின் ஆசான் கேட்ட கேள்விக்கு ஆதிமூலம் பதில் சொல்லவில்லை. அடுத்த கேள்விக்கும் சொல்லவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

சகாயமேரி கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு, அவ்வளவு இனிமையான குரலில், 'எனக்குச் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை' என்றாள்.



ஆசான் தாமே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்" என்றார். "அதனால சகாயம் வாயை மூடறதுக்குள்ள உங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. இவங்களுக்கு வார்டன் வந்து பாராட்டினப்பறம்தான் வந்துச்சு."

ஆதிமூலம் தம்ளரைக் கீழே வைத்தார். வைக்க இடம் தெரியாதவர்போல இரண்டு முறை வைத்தார்.

"நான் வார்டன் இல்ல மேடம்" என்றார் மெதுவாக.

"நான் அப்படிச் சொல்லலையே."

அவர் பாண்டிமீனாவைப் பார்க்கவில்லை. சகாயமேரிதான் பேச்சைத் தொடங்கினாள். "சாயங்காலம் நடு நாற்காலியில ஆசான் உக்காருவாங்க. இல்லன்னா நான் உக்கார்றேன். ஒரு எழுத்து பிசகாது. நான் பொறுப்பு."

ஆசான் பாண்டிமீனாவிடம் கேட்டார். "உங்க பேச்சு. யார் சொல்லணும்?"

பாண்டிமீனா யோசிக்கவே இல்லை. ஆதிமூலத்தைக் காட்டினாள். "இவரு."

"என்னக்கா!" என்று சகாயமேரி கத்தினாள். "ஒரு தடவை வாயில மண்ணைப் போட்டது போதாதா? திரும்பவும் அவர்கிட்டயேவா? இருக்கறது ஒரே வாய்ப்பு!"

"அதனாலதான். நீ போய்ச் சொன்னா, புதுசா ஒரு ஆளு புதுசா ஒரு கதை சொல்றான்னு போயிரும். முன்ன சொன்னது பொய்யின்னு யாரு சொல்லுவா? மில்லுக்காரன் அதைத்தான் பிடிச்சுக்குவான். கெடுத்த வாயிலருந்தே வரட்டும்." அவள் ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க சொல்ற ஒவ்வொண்ணையும் இந்தப் பொண்ணு என் காதுல தமிழ்ல சொல்லணும். உங்க மேல எனக்கு நம்பிக்கை இல்ல."

"சரிம்மா" என்றார் ஆதிமூலம்.

"திரும்பவும் நல்லா மேனேஜ் பண்றாங்கன்னு சொல்லிராதீங்க."

"இல்லம்மா."

சாயங்காலம் வகுப்பு மேஜைமேல் லேப்டாப்பை வைத்தார்கள். பாண்டிமீனா ஒரு பக்கம், ஆதிமூலம் அவளுக்கு அருகில். சகாயமேரி பாண்டிமீனாவின் தோளுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தாள். ஆசான் சுவரோரம் நின்றார். திரையில் ஹெல்காவின் முகம் வந்தது. அவளுக்கு அவசரம் இருப்பது தெரிந்தது.

பாண்டிமீனா டோக்கனைச் சொன்னாள். ஆதிமூலம் டோக்கனைச் சொன்னார். 'நான் சிறுநீர் கழிக்கப் போவதற்கும் டோக்கன் வாங்க வேண்டும்.' சொல்லும்போது அவர் குரல் சற்று இறங்கியது, ஆனால் சொன்னார். சகாயமேரி காதில் திருப்பிச் சொன்னதும் பாண்டிமீனா தலையை ஆட்டினாள்.

வார்டன் ஒட்டுக் கேட்டதைச் சொன்னாள். அதுவும் அப்படியே போனது.

"மொத்தத்துல எங்களை அடக்கி வெச்சிருக்காங்க" என்றாள்.

ஆதிமூலம் தயங்கினார். காலையிலிருந்து அவர் வாயில் உருண்டுகொண்டிருந்த சொற்கள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன. ஒன்றையும் எடுக்கத் துணியவில்லை. சுவரோரம் பார்த்தார். ஆசான் அவரைப் பார்க்கவில்லை; பாண்டிமீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரும் அவள் பக்கம் திரும்பினார். "அடக்கி வெச்சிருக்காங்கன்னு சொல்றீங்களே, அது எப்படிம்மா? எனக்குச் சொல்லுங்க." ஹெல்காவிடம், விளக்கம் கேட்கிறேன் என்று ஆங்கிலத்தில் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டார்.

"எப்படின்னா? மொதல்ல எல்லாத்துக்கும் அவங்கதான் 'பேசாத, பேசாத'ன்னுவாங்க. அப்பறம் அவங்க சொல்றதில்ல. நானே பேசறதில்ல. லீவுக்கு ஊருக்குப் போனா எங்கம்மா கேக்குது, 'என்னடி, வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போக என்னையக் கேட்டுக்கிட்டு நிக்கிற'ன்னு. எங்க வீட்டுல சார்! யாருமே காவலுக்கு இல்ல!"

ஆதிமூலம் முழுவதையும் சொன்னார். அம்மாவின் கேள்வியை அம்மாவின் கேள்வியாகவே சொன்னார். முடிவில், 'எங்களை சப்ஜுகேட் செய்திருக்கிறார்கள்' என்றார்.

சகாயமேரி காதில் சொல்ல மறந்தாள். பாண்டிமீனா அவளை முழங்கையால் இடித்தாள்.

ஹெல்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

'இது சாதாரணச் சொல் இல்லை' என்றாள். 'போன முறை இதே அறிக்கைக்காக, இதே குரலில் நான் கேட்ட சொல் மேனேஜ். இப்போது சப்ஜுகேட். எனக்குப் புரியவில்லை. போன முறை ஏன் இதைச் சொல்லவில்லை?'

அவள் ஆதிமூலத்தின் கண்ணையே பார்த்துக் கேட்டாள். அவர் வாய் திறந்தது. அவரிடம் பதில் தயாராக இருந்தது: மன்னிப்பு, வயது, அனுபவம், நல்லெண்ணம், சொல்லின் பல அர்த்தங்கள். நல்ல ஆங்கிலத்தில், ஒரு கடிதத்தின் ஒழுங்கோடு வந்து நின்றது.

அவர் ஆசான் பக்கம் தலையைத் திருப்பித் தமிழில் சொன்னார். "மேடம், இது எனக்கு வந்த கேள்வி. தப்பு என்மேல. நானே விளக்கிடறேன்."

"யார் பேச்சைக் கேக்க அந்தம்மா உக்காந்திருக்காங்க?" என்றார் ஆசான்.

"இவங்க பேச்சை."

"அப்ப கேள்வியும் இவங்களோடது. அதையும் நீங்களே வெச்சுக்காதீங்க. குடுத்துடுங்க."

ஆதிமூலம் வாயை மூடினார். பிறகு பாண்டிமீனாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் தமிழில் கேட்டார்: "'போன தடவை மேனேஜ்னு கேட்டேன். இப்ப வேற கேக்கறேன். எனக்குப் புரியல. போன தடவை ஏன் இதைச் சொல்லல?'"

பாண்டிமீனா அவரைப் பார்த்தாள். திரையைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னாள். மெதுவாக, அவர் ஒன்றையும் தவறவிட முடியாதபடி சொன்னாள்.

அவள் முடித்தாள். கீழே பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சகாயமேரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதிமூலம் திரைக்கு நேராக நிமிர்ந்தார். ஆங்கிலத்தில் சொன்னார்:

'போன தடவை நான் பேசவில்லை. பேசியது இந்த ஆள். என்னைப் பக்கத்தில் உட்கார மட்டும்தான் வைத்தார்கள்.'